செருப்பு அன்ரியின் தீவு

செருப்பு அன்ரியின் வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் பென்டில் ஹில் வட்டாரத்தில் ஏராளம். நினைத்த நேரத்துக்கு அங்கிருந்து கிளம்பியவர் ஒருவர்கூட இல்லை. அப்படிக் கிளம்பியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் வேறு ஏதோ ஒரு அன்ரியின் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

வாசலில் கழற்றிவிட்ட செருப்பு, நீங்கள் கதிரையில் உட்காருவதற்குள் காணாமல் போய்விடும். வயிறு நிறையச் சாப்பிட்டு, அன்ரிக்குத் திருப்தி வந்த பிறகுதான் அது திரும்பி வரும். ஒருமுறை காப்புறுதி விற்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் தெரியாத்தனமாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டான். "சாப்பிடு மகன், சப்பாத்து வரும்" என்று அன்ரி தமிழிலேயே சொன்னார். அவனுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் இடியப்பமும் சொதியும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு சனிக்கிழமைகளில் அவனாகவே வரத் தொடங்கினான், காப்புறுதிப் பேச்சு மட்டும் அதோடு நின்றுபோனது.

நான் அன்ரிக்குப் பக்கத்து வீடு. தனிக்கட்டை. வேலிக்கு மேலால் எனக்குக் கறியும் வரும், கட்டளையும் வரும்.

இப்படி ஊராரையெல்லாம் பிடித்து வைத்துச் சோறு போட்ட மனுசிக்குத் தன் பிள்ளைகள் இரண்டையும் ஒரு மேசையில் இருத்த முடியவில்லை. மகன் ரூபனுக்கும் மகள் சுதாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுதாவின் மகளுடைய அரங்கேற்றத்தில், மண்டபம் பிடித்ததிலிருந்து ஒலிபெருக்கி பூட்டியது வரை ஓடித் திரிந்தவன் ரூபன். நன்றியுரையில் சுதா பூக்கட்டியவருக்கும் நன்றி சொன்னாள், வீடியோ பிடித்தவருக்கும் நன்றி சொன்னாள். அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல் போனவன்தான் ரூபன்.

"தம்பி, நான் கண்ணை மூட முதல் இதுகள் ரெண்டும் ஒண்டா இருந்து ஒரு நேரம் சாப்பிட வேணும்" என்று அன்ரி என்னிடம் சொல்வார். கண்ணை மூடுகிற கதையெல்லாம் சும்மா. அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஆனால் அதைச் சொல்லும்போது குரல் உடைவது சும்மா இல்லை.

ஜூலை மாதப் பள்ளி விடுமுறைக்கு முன் ஒருநாள் என்னைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினார். எழுபதாவது பிறந்தநாளைக் குயின்ஸ்லாந்தில் ஒரு தீவில் கொண்டாடப் போகிறாராம். நான் நீலக் கடல், தென்னை மரம், நீச்சல் குளம் என்று படம் படமாகக் காட்டினேன். அன்ரி ஒன்றையும் பார்க்கவில்லை.

"அதெல்லாம் கிடக்கட்டும். படகு ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"இந்தத் தீவுக்கு ஒருக்காத்தான் அன்ரி. பின்னேரம் மட்டும்."

"அப்ப இதையே போடு."

பிள்ளைகள் இரண்டு பேரிடமும், "மற்றவர் வரேல்லை" என்று அன்ரி சத்தியம் பண்ணாத குறையாகப் பொய் சொன்னார். விமானம் வேறு வேறு. படகில் ரூபன் குடும்பத்தை முதலில் ஏற்றி முன்பக்கம் இருத்திவிட்டு, சுதா குடும்பத்தைக் கடைசி நிமிடத்தில் பின்பக்கத்தால் ஏற்றினார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் கண்டபோது கரை தூரத்தில் இருந்தது. தீவில் கோபித்துக்கொண்டு எழும்பிப் போக வழியில்லை என்பதுதான் அன்ரியின் கணக்கு. நானும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, தீவு பெரிசாப் போச்சு!"

"என்ன அன்ரி சொல்லுறியள்?"

"அவன் கிழக்குக் கடற்கரை, அவள் மேற்குக் கடற்கரை. அவன் ஏழு மணிக்குச் சாப்பிட வாறான், அவள் ஒன்பதுக்கு வாறாள். நான் ரெண்டு தரம் காலமைச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு ஊதிப் போய் நிக்கிறன். கண்ணுக்கெட்டின தூரமெல்லாம் மணல். இவ்வளவு இடத்தைக் குடுத்தா ஆர் சண்டையை விடுவினம்?"

வெயிலில் கறுத்து, சோர்ந்துபோய்த் திரும்பி வந்தார். ஒரு வாரம் வேலிப் பக்கமே வரவில்லை. வந்தபோது இவ்வளவுதான் சொன்னார்: "இனி எங்கயும் போறேல்லை. கிறிஸ்மஸ் வீட்டிலதான்."

அன்ரி வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் இந்த நாட்டில் கடை, கந்தோர் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கிடக்கிற நாள் அது ஒன்றுதான், வேலை என்று சாட்டுச் சொல்லித் தப்ப முடியாது என்று அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஆரவாரம் ஒன்றும் கிடையாது. முழங்கால் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் மரம், கோழிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு வேறு வேறு நேரம் சொல்லியிருந்தார். ரூபன் முதலில் வந்து, ஒடுங்கிய டிரைவ்வேயில் காரை உள்ளே விட்டான். அவன் இன்னும் உள்ளே இருக்கும்போதே சுதா வந்தாள். அண்ணன் புதுக் கார் வாங்கியது தங்கைக்குத் தெரியாது.

"இது ஆற்ற கார் அம்மா?"

"பக்கத்து வீட்டுத் தம்பியின்ரதான். வெளியில வெயில் கொளுத்துது பிள்ளை, நீயும் உள்ளுக்கு விடு."

என் கார் என்னுடைய வீட்டில் தயாராக நின்றது. எனக்கு வந்த உத்தரவு: சுதாவின் காருக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டி விடு, வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டு, மணி அடித்தாலும் திறக்காதே. ஒரு பக்கம் செங்கல் மதில். மறுபக்கம் அன்ரி மூன்று குப்பைத் தொட்டிகளையும் காவலுக்கு நிறுத்தியிருந்தார். போதாததற்கு ஒரு எலுமிச்சை மரமும் நின்றது.

உள்ளே ஒருவரை ஒருவர் கண்ட மாத்திரத்தில் இரண்டு பேரும் வெளியே பாய்ந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் என் கதவு அதிர்ந்தது. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்தேன், இந்த வயதில். கதவு உடைந்துவிடும் போலிருந்ததால் திறந்தேன். அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் நின்றார்கள்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? காரை எடுங்கோ!" என்றான் ரூபன்.

"எவ்வளவு நேரமா மணி அடிக்கிறம்!" என்றாள் சுதா.

"சாவியைக் காணேல்லை..." என்று இழுத்தேன். சாவி என் கையிலேயே இருந்தது.

சுதா அதைப் பார்த்தாள். "அம்மா சொல்லித் தந்தவவோ?"

"வேற ஆர்? படகிலயும் இப்பிடித்தானே ஏத்தினவ" என்றான் ரூபன். அவனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இருவருக்கும் கோபம் நினைவுக்கு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"அவ்வளவு பேருக்கு நன்றி சொன்னனி. என்ர பேர் வாயில வரேல்லை, என்ன?" ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஐயோ அண்ணா, பதட்டத்தில அம்மான்ர பேரையும்தான் விட்டனான். வெளி ஆக்களை மறந்திடக்கூடாதெண்டு எழுதினது, வீட்டு ஆக்கள் ஒருத்தரும் அதில இல்லை. நீ ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. ஒவ்வொரு நாளும் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." அவள் அழுதுவிட்டாள். ரூபன் என்ன செய்வதென்று தெரியாமல் என் தோளைத் தட்டினான். பிறகு ஆள் மாறியது விளங்கி, தங்கையின் தலையில் கைவைத்தான்.

அப்போதுதான் மூவரும் கண்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று, கண்ணைத் துடைத்தபடி அன்ரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரை ஆடியது.

"அம்மா, இறங்குங்கோ!" அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"புட்டு ஆறுது" என்றார் அன்ரி.

அடுத்த வருடக் கிறிஸ்மஸ் நெருங்கியபோது, நான் கடமை உணர்ச்சியோடு வேலியடிக்குப் போனேன்.

"அன்ரி, இந்தமுறை காரை எத்தினை மணிக்குக் கொண்டுவர?"

"கார் என்னத்துக்கு? அதுகள் ரெண்டும் முதல் நாளே வந்து நிக்கப்போகுதுகளாம்."

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் இனி எனக்கு அங்கே வேலை இல்லை என்று பட்டது, மறைப்பானேன். சரி அன்ரி என்று சொல்லித் திரும்பினேன்.

"எங்க போறாய்? உனக்கு என்ன, தனியக் கூப்பிட வேணுமோ? வெள்ளண வா. தேங்காய் திருவ வீட்டில ஆள் வேணுமெல்லே!"

இந்த நாட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஊரிலிருந்து அக்கா கேட்கும்போதெல்லாம் இத்தனை வருடமும் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது அன்ரி இருக்கிறா என்று சொல்கிறேன்.