செட்டரின் பத்து நிமிஷம்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் முழு வாழ்க்கையையும் பேசித் தீர்த்துவிடலாம் என்பதற்கு ஓசூரில் இருக்கும் ஒரே சாட்சி எங்கள் செட்டர்தான். கல்லாவிப் பக்கத்து ஆள். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாங்கள் இருந்த கம்பெனியில் வண்டிகளுக்கான புஷ், அதாவது தடித்த மோதிரம் மாதிரி இரும்பு வளையம், கடைவார்கள். மெஷினில் டூலை மாட்டி, அளவு பிடித்து, முதல் பீஸ் சரியாக வரும்வரை கூடவே நிற்கிறவர் செட்டர். நான் பேக்கிங். சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருவருக்கும் ஒரே அறை.

மெஷினுக்கு ஆன வார்த்தையை அவர் அறைக்கும் கொண்டுவந்துவிட்டார். சோறு குழையாமல் வெந்தால் செட். தலைவலி என்றால் மண்டை செட் இல்லை. கூட்டாளிகள் என்றால் நம்ம செட்டு. ஊரிலிருந்து போன் வந்தால் பம்புசெட்டு, காலையில் பசித்தால் செட் தோசை. புதுச் செருப்பு கடித்தால் நாலு நாளில் செட் ஆகும். பக்கத்து அறையில் புருஷன் பொண்டாட்டி சண்டை என்றாலும் அதே நாலு நாள்தான். ஒடிசாவிலிருந்து வந்த ஓர் ஆபரேட்டர் அவரிடம் தமிழ் கற்றுக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையோடு முடி வெட்டி, காய்கறி வாங்கி, வீடு பிடித்து, மூன்று வருஷம் ஒரு குறையுமில்லாமல் இந்த ஊரில் வாழ்ந்துவிட்டுப் போனார்.

நான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய டிக்‌ஷனரி ஒன்று வாங்கினேன். தலையணைக்கு ஆகிற தடிமன். திறந்தால் அந்த வார்த்தைக்கு மட்டும் பத்தி பத்தியாக அர்த்தம். சூரியன் இறங்குவது, முறிந்த எலும்பு கூடுவது, தயிர் உறைவது, கடிகாரத்தைத் திருப்பி வைப்பது, கல்லைப் பதிப்பது. ஓடிப்போய்க் காட்டினேன். செட்டர் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இறங்கினார். கடைசியில் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"இவ்ளோதானா?"

அவரைப் பைத்தியம் என்று பாதிப்பேர் சொன்னதற்குக் காரணம் இந்த வார்த்தை இல்லை, பத்து நிமிஷம். லீவு முடிந்து வரும் காலையில் எங்கள் ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியாது. ரோஜாத் தோட்டத்துப் பனி அப்படியே ஷெட்டுக்குள் வந்து நிற்கும். மெஷின் ஜில்லென்று இருக்கும். செட்டர் அதை வெறுமனே ஓடவிட்டு, மேல் மூடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். பத்து நிமிஷம். ஓங்காரம் மாதிரி ஒரு சத்தம். பனிக்குள் அந்த ஆளும் மெஷினும் எங்கோ சேர்ந்து மிதந்து போகிற மாதிரி இருக்கும். சூப்பர்வைசர் வந்து, என்னய்யா நின்னுகிட்டே தூங்கற என்று கேட்டால், கண்ணைத் திறக்காமலே பதில் வரும்.

"நான் முழிச்சிட்டுதான் சார் இருக்கறேன். அதுதான் இன்னும் எந்திரிக்கல."

முதல் பீஸ் வந்தாலும் உடனே அளக்க மாட்டார். சுத்தமான துணியில் பொதிந்து கையில் வைத்துக்கொள்வார். சூட்டில் இரும்பு கொஞ்சம் பெருத்திருக்குமாம், அப்போது அளந்தால் பொய் சொல்லுமாம். இதெல்லாம் மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலையில் பைக்கை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் நிறுத்தி வைப்பார். லைன் வீடு மொத்தமும் இருமும். ஹோட்டலில் தோசை வந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கன்னடக்கார முதலாளி பதறிப்போய், தோசையில் ஏதாவது கிடக்கிறதா என்று கல்லாவை விட்டு எழுந்து வருவார்.

ஆறிய முதல் பீஸை செட்டர் யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். தானே இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு எடுத்துப் போவார். அங்கே இருந்தது மஞ்சுளா. பாகலூர்ப் பொண்ணு. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வேலையில் தமிழ். மைக்ரோமீட்டரில் வைத்து ஓகே என்பாள், இல்லையென்றால் சிவப்பு மை தடவுவாள். நாலு வருஷமாக அவர்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. ஆனால் சிவப்பு மையோடு திரும்பி வரும் நாளிலும் செட்டர் ஏதோ பரிசு வாங்கின மாதிரிதான் நடந்து வருவார்.

இப்படி இருக்கும்போது மாலூரிலிருந்து மஞ்சுளாவுக்கு ஒரு மாப்பிள்ளை வருவதாகப் பேச்சு வந்தது. அடுத்த ஞாயிறு வந்து கை நனைத்து, முடிவு பண்ணிவிடுவார்களாம். அன்று செட்டர் மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடியே வைத்திருந்தார். முப்பத்தொன்பது வயசு. இதை விட்டால் இனி கிடையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்காக நான்தான் அவளிடம் கேட்டேன். அவள் நிமிரவில்லை. எங்க அண்ணன்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க என்றாள்.

போனோம். போகிற வழியெல்லாம், அங்கே போய் அந்த வார்த்தையை மட்டும் எடுக்காதீங்க, பொண்ணைப் பார்த்து செட் ஆகுமா என்று கேட்டால் அடித்து அனுப்புவார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதை மட்டும் சொன்னேனே, இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மஞ்சுளாவின் அண்ணன் நாற்காலி போட்டார். என்ன விஷயம் என்றார். செட்டர் முழங்காலில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

நான்தான் பேச வேண்டியதாகிவிட்டது. மழையைப் பற்றிச் சொன்னேன். தக்காளி விலையைச் சொன்னேன். கல்லாவியில் அவருக்கு இருக்கும் நிலத்தை ஓர் ஏக்கர் நீட்டியும் சொன்னேன். அண்ணன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆள் ஊமையா, இல்லை குடித்திருக்கிறாரா என்று தெலுங்கில் தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். பிறகு எழுந்தே விட்டார்.

மஞ்சுளா காபித் தட்டோடு வந்தாள். செட்டரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உக்காருண்ணா. இன்னும் மூணு நிமிஷம் இருக்குது."

அந்த மூன்று நிமிஷத்துக்கு அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். வெளியே யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள்; அந்தச் சத்தம்தான். எனக்கே கண் சொக்கியது. அண்ணன் கூட என்ன செய்வதென்று தெரியாமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

செட்டர் கண்ணைத் திறந்தார்.

"நாலு வருஷமா உங்க தங்கச்சி சரின்னா சரி, தப்புன்னா தப்புங்க. ஒரு தடவைகூட எனக்காகக் கூட்டிக் குறைச்சு சொன்னதில்ல. அப்படி ஒருத்தங்க வீட்லயும் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அவ்ளோதாங்க. நிலம் மூணு ஏக்கர் இல்ல, ரெண்டுதான்."

அண்ணன் தங்கச்சியைப் பார்த்தார். நீ என்ன சொல்றே என்று கேட்டார்.

"ஆறட்டும்ணா," என்றாள். "சூட்டுல அளக்கக் கூடாது."

திரும்பி வரும்போது பைக்கை நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். மறுநாள் காலை முதல் பீஸை ஆறுவதற்கு முன்னாலேயே துணியில் பொதிந்து எடுத்துப் போனார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சுளா அதை உடனே அளக்கவில்லை. துணியோடு வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். இவரும் பார்த்தார். ஷெட்டில் வேலை நடந்ததா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. பிறகு மைக்ரோமீட்டரை எடுத்தாள். சிவப்பு மைப் புட்டியை மூடினாள்.

செட்டர் என்னிடம் வந்து நின்றார். என்னாச்சுண்ணா என்றேன். வாயைத் திறந்தார், மூடினார்.

"அதுக்கு ஒரு வார்த்தை இருக்குதுப்பா. வாய்ல வர மாட்டேங்குது."

இப்போது அவர்கள் பாகலூரில் இருக்கிறார்கள். நான் அதே அறையில். பனிக்காலத்துக் காலையில் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, டேங்க் மேல் கையை வைத்து நிற்கிறேன். லைன் வீடே இருமுகிறது, என்னைத் திட்டுகிறது. திட்டட்டும், பத்து நிமிஷம்தானே.