வரிசையில் நின்ற செருப்புகள்

என் கூடப் பிறந்த ஒரே தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் வீம்பைத் தவிர எல்லாம் சௌக்கியம் என்று நினைக்கிறேன். உன் மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். படித்துக்கொண்டே வா, பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சுகாதார நிலையத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது பார். நான் இருந்தேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் இருந்தார், அவர் பேசுகிற சத்தத்துக்கு அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். கணக்கு டீச்சர் இருந்தார், பள்ளிக்கூடத்தை விட்டு எவ்வளவோ காலமாகியும் குடையைப் பிரம்பு மாதிரிதான் பிடிப்பார். மாத்திரை கொடுக்கும் நர்ஸம்மா இருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்த வாட்ச்மேன் இருந்தார். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி இருந்தார், கட்டம் போட்ட சட்டை, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் ஷூ. அப்புறம் எங்களை மாதிரி கிழடுகள் வராந்தா நிறைய. நீ இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன், நீ இல்லை.

எங்கள் முறை உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வயசானவர்களுக்கான நாள். டாக்டர் வருவார், பிரஷர் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை சும்மா கிடைக்கும். பக்கத்து ஜன்னலில் பென்ஷன்காரர்கள் முகத்தைக் காட்டி இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். டாக்டர் அறைக் கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே நாங்க வந்துடுவோம். ஆனா எவ்வளவு நேரம் நிக்கறது? நிக்கக் கால் இருந்தா டாக்டர்கிட்ட எதுக்கு வர்றோம்? அதனால கதவிலிருந்து கேட் வரைக்கும் செருப்பை வரிசையா விட்டுட்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி நிழல்ல போய் உட்கார்ந்துக்குவோம். செருப்புதான் ஆள். செருப்பைத் தாண்டலாம், தள்ளக்கூடாது. அடுத்தவர் செருப்பை நகர்த்தினவங்களோட அன்னிக்கு யாரும் பேசமாட்டோம். கதவு திறந்ததும் அவங்கவங்க செருப்புக்குள்ள காலை விட்டா வரிசை தயார். பெஞ்சு இரண்டு உள்ளே இருக்கு, இரும்பு பெஞ்சு, உட்கார்ந்தா இடுப்புல ஐஸ் வச்ச மாதிரி இருக்கும். அதுல யாரும் உட்கார மாட்டோம்.

அதுக்கு முந்தின மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில இந்தக் கட்டம் போட்ட சட்டை வந்திருக்கு. யாருன்னு எங்களுக்குத் தெரியாது. வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம், அவர் விழிச்சுக்கிட்டுத் தூங்கறார். நான் தொட்டி ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தப்ப, ஒருத்தன் விடுவிடுன்னு உள்ளே போய், பெஞ்சைப் பார்த்து, பெஞ்சை போட்டோ எடுத்து, விடுவிடுன்னு வெளியே வந்தான். வந்த வேகத்துல என் செருப்பை உதைச்சுட்டுப் போயிட்டான். என் நீல வார் செருப்பு உருண்டு போய் ஹாரன் செருப்புக்குப் பின்னாடி கிடந்தது. ஹாரன் அதைப் பார்த்தும் எடுத்து வைக்கலை. அன்னிக்கு டாக்டரை அவர் எனக்கு முன்னாடி பார்த்தார். இதெல்லாம் எனக்கு மறக்காது.

போன வாரத்துக்கு முந்தின வாரம் கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உரக்கப் படிச்சார். நேரில் ஆய்வு செய்ததில் முதியோர் எவரும் இங்கு வருவதில்லை எனத் தெரியவந்ததால், முதியோர் மருத்துவமும் பென்ஷன் ஜன்னலும் அடுத்த செவ்வாயுடன் மூடப்பட்டு, பெரிய ஊருக்கு மாற்றப்படும். இரண்டு பஸ் மாறணும் தம்பி. இறங்கினப்புறம் ஒரு ஏத்தம் வேற.

"எவரும் வர்றதில்லையா? அப்ப நாம யாரு, பேயா?"ன்னு ஹாரன் அடிச்ச ஹாரன்ல வாட்ச்மேனே முழிச்சுக்கிட்டார்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல வேலை பார்த்தவ. கொதிக்கிற தொட்டியில ரத்தம் பட்ட போர்வையை நீளக் கட்டையால புரட்டிப் புரட்டி என் தோள்பட்டை போச்சு. நான் அனுப்பின போர்வையில ஒரு கறை இருந்ததுன்னு எந்த டாக்டரும் சொன்னதில்லை. சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சப்ப, "இது எதுக்கு?"ன்னு கேட்டேன். "வயசானா திரும்ப வரும், டாக்டரும் மருந்தும் வரும்"னு சொன்னாங்க. வயசாயிடுச்சு. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன், அவங்க காப்பாத்தணுமா இல்லையா? இது யாரும் எனக்குப் போடற பிச்சை இல்லை. இதை நான் உன்கிட்டேயும் ஒருநாள் சொன்னேன். "துணி துவைச்சதுக்கு பென்ஷன் வேறயா?"ன்னு நீ சிரிச்ச நாள். அந்த நாளைப் பத்தி இங்கே எழுதப் போறதில்லை. என் வீட்டுல சாப்பிட்டுட்டு, என்கிட்டேயே கத்திட்டு, கோபத்துல என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போனதைப் பத்தியும், அவர் சாயங்காலம் உன்னோட சின்னச் செருப்புல குதிகால் வெளியே தொங்கத் தொங்கக் கடைக்குப் போனதைப் பத்தியும், அவர் போய்ச் சேர்ந்தப்ப வந்து நின்ன நீ, அப்பவும் அந்தச் செருப்பைக் கொண்டுவரலைங்கறதைப் பத்தியும் ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மூட வர்ற அன்னிக்கு எல்லாரும் செருப்பை விடாம, நேர்லயே வரிசையில நிக்கறதுன்னு டீச்சர் முடிவு பண்ணார். நல்ல யோசனைதான். ஆனா செருப்பைக் காலில் போட்டுக்கிட்டதும் யாருக்கும் தன் இடம் எதுன்னு தெரியலை!

"நான் எப்பவும் மூணாவது"ன்னார் ஹாரன்.

"உங்க செருப்புதான் மூணாவது. உங்களை நான் அங்கே பார்த்ததே இல்லை"ன்னார் டீச்சர்.

"செருப்பு என்னோடதுதானே?"

"அது ஒழுங்கா இருக்கும். நீங்க தள்ளறீங்க."

ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு, குடை பட்டு, கூச்சல் தெருவுக்குப் போயிடுச்சு. அந்த நேரம் பார்த்துக் கட்டம் போட்ட சட்டை பூட்டும் கையுமா உள்ளே வந்து, கலவரம்னு நினைச்சு வாட்ச்மேன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டார்.

"யாரும்மா நீங்கள்ளாம்? நான் வந்தப்ப ஒரு ஆளும் இல்லையே? வாசல்ல கொஞ்சம் பழைய செருப்பு கிடந்தது, அவ்வளவுதான்"ன்னார்.

"அந்தப் பழைய செருப்புதான்யா நாங்க"ன்னேன்.

புரியலை அவருக்கு. நான் திரும்பி, "எல்லாரும் கழட்டி வைங்க"ன்னேன். பார்க்கணும் நீ! சண்டை போட்டவங்களா இவங்கன்னு இருந்தது. ஒரு சத்தம் இல்லை. அவங்கவங்க செருப்பு அதது இடத்துல போய் உட்கார்ந்துடுச்சு. நாங்க எல்லாரும் தொட்டி நிழலுக்குப் போயிட்டோம். வராந்தாவுல அந்த மனுஷனும் கதவிலிருந்து கேட் வரைக்கும் செருப்பும்தான். அப்படியே நின்னார். உள்ளே எட்டி பெஞ்சைப் பார்த்தார், மறுபடி செருப்பைப் பார்த்தார். "அன்னிக்கும் இப்படியேதான் இருந்தது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார்.

ஆனா அதிகாரி இல்லையா, உடனே இறங்கி வருவாரா? தொட்டிகிட்ட வந்து, "பாட்டி, வரிசைன்னா ஆள் நிக்கணும். அதுதான் விதி. அதோட, வசதி இருக்கிறவங்க தானாவே விட்டுக்கொடுக்கறாங்க. போன மாசம் எங்க ஆபீஸ் விழாவுல ஒரு பெரியவர் மேடையேறி, 'தெருத்தெருவா நாய்க்குத் தப்பி கரண்ட் மீட்டர் பார்த்தவன் நான், எனக்கு எதுக்கு அடுத்தவன் தயவு, என் பிள்ளை பார்த்துக்குவான்'னு இலவச மருந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டார். எல்லாரும் கைதட்டினோம்"ன்னார்.

நாய்க்குத் தப்பி மீட்டர் பார்த்தவன். இந்த உலகத்துல அப்படிப் பேசறவன் ஒருத்தன்தான்.

"கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?"ன்னு கேட்டேன்.

"திருப்பிக் கொடுத்த அட்டையெல்லாம் இந்த ஜன்னலுக்குத்தான் வந்திருக்கு, இந்த மாசத்துக்குள்ள அவரே நேர்ல இங்கே வந்தா முடியும். ஆனா ஜன்னலைத்தான் மூடப்போறோமே."

நான் எழுந்து போய் அந்த ஜன்னலுக்குக் கீழே தரையில உட்கார்ந்துட்டேன். "கேளுய்யா. ஹாரன் உட்கார்ந்து ஓட்டினார்னு நினைக்காதே, ஊரையே ஏத்தி இறக்கினார். டீச்சர் நின்னுக்கிட்டே பாடம் சொன்னார். நான் கொதிக்கிற தொட்டி முன்னாடி நின்னேன். நாங்க நிக்க வேண்டியதெல்லாம் நின்னு முடிச்சாச்சு. இனிமே உட்காரலாம்னு எழுதிக்கொடுத்ததுக்குப் பேர்தான் பென்ஷன். உட்கார்ந்தது குத்தம்னு இப்ப மூட வர்றியா? பூட்டு, என்னையும் சேர்த்துப் பூட்டு"ன்னேன்.

ஹாரன் வந்து பக்கத்துல உட்கார்ந்தார். டீச்சர் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தாங்க. என் வாழ்க்கையில நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை தம்பி.

அவர் ஓரமா போய் மேலிடத்துக்கு போன் போட்டார். "ஆய்வுல தப்பாயிடுச்சு சார், ஆள் இருக்காங்க... ஆமா சார், நிறைய... இல்லை சார், நான்தான் பார்க்கலை"ன்னு வேர்த்து வழிஞ்சார். திரும்பி வந்து கதவுல இருந்த காகிதத்தை அவர் கையாலேயே கிழிச்சார். நர்ஸம்மா அவர் முகத்தைப் பார்த்துட்டு, "சார், உங்களுக்கு பிரஷர் பார்க்கணும் போலிருக்கே"ன்னாள்.

"பாருங்களேன்"னு உள்ளே நுழைஞ்சார்.

"வரிசைல வாங்க சார்."

பளபளக்கிற ஷூவைக் கழட்டி, கேட் பக்கம் கடைசியில ஜோடியா வச்சுட்டு, எங்களோட தொட்டி நிழல்ல வந்து உட்கார்ந்தார். சாக்ஸ்ல கட்டைவிரல் வெளியே தெரிஞ்சது.

சாயங்காலம் உன் மருமகளுக்கு போன் போட்டேன். பாவம், அழுதாள். அட்டையைக் கொடுத்ததிலிருந்து நீ மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறாயாம். பிள்ளையிடம் கேட்கக் கூச்சமாம். "எனக்கு அரையே போதும்" என்கிறாயாம். எனக்கு எழுதக்கூட வரவில்லை, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

இப்போது முடிக்கிறேன். அதிகாரியை மன்னித்துவிட்டேன், ஷூவைக் கழட்டினதால். வாட்ச்மேனை மன்னித்துவிட்டேன், அவருக்கே அது தெரியாது. ஹாரனைக்கூட மன்னித்துவிட்டேன், என் பக்கத்தில் உட்கார்ந்ததால். ஒரே ஒருத்தரை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். நான் தரையில் உட்கார்ந்து காப்பாற்றியதை, நாலு பேர் கைதட்டுக்கு மேடையில் தூக்கிக் கொடுத்தவனை. அது நீதான். உனக்கு ஆசீர்வாதம் இல்லை. என் வீட்டு வாசலை மிதிக்காதே, பதிலும் எழுதாதே.

உன் அக்கா

பின்குறிப்பு: நீ அன்னிக்கு விட்டுட்டுப் போன செருப்பு என் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தது. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. எல்லாருக்கும் பழகட்டும்னு துடைச்சு எடுத்துட்டுப் போய் என் செருப்புக்குப் பின்னாடியே வச்சேன். "யாரோடது?"ன்னு நர்ஸம்மா கேட்டாள். "என் தம்பி, வந்துக்கிட்டிருக்கான்"னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்துடு, மாசம் அதோட முடியுது. வர்றப்ப என் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கிட்டு வா, போறப்ப உன்னதைப் போட்டுக்கோ. ராத்திரி என் வீட்டுலதான் சாப்பாடு. அதுவரைக்கும் மாத்திரையை முழுசா முழுங்கு. அப்ப மன்னிக்காத ஆள்னு யாரும் இல்லையான்னு கேட்பே. அந்த இடத்தைக் காலியா விடமுடியுமா? ஹாரனை வச்சிருக்கேன். இன்னிக்கு யாரும் பார்க்காதப்ப உன் செருப்பை ஒரு சாண் பின்னாடி தள்ளினார். நான் பார்த்துட்டேன்.