புலி இருந்த புதர்கள்

புலியைப் படம் எடுக்கப் போய், புலியைத் தவிர அந்தக் காட்டில் இருந்த அத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் மராத்திச் சீமையில், எங்கள் கட்கி பஜாரில் இருக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பொதர் அண்ணன்' என்று கேட்டால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும்.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கினார். ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கே ரயிலேறி, இமயமலை அடிவாரத்துக் காட்டுக்குப் போவார். திரும்பும்போது ஒரு புதரின் படத்தோடு வருவார். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டுவார். கூடம் நிரம்பி, சமையலறைச் சுவரிலும் புதர் முளைத்துவிட்டது.

ஒருமுறை மேல்வீட்டு மராத்திக்காரர் வந்து எல்லாப் படங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் புலி எங்கே என்று கேட்டார்.

"அபி அபி கயா," என்றார் அண்ணன், இப்போதுதான் போயிற்று என்று, ஏதோ புலி பால் வாங்கப் போயிருப்பதுபோல.

எங்களிடம் தமிழில் விளக்கம் இன்னும் நீளமாக இருக்கும். "இந்தப் பொதர்ல ஆம்பளப் புலி. அந்தாண்ட பொதர்ல தாயும் குட்டியும். நல்லா உத்துப் பாருங்கப்பா, மூச்சு வாங்கறது தெரியும்."

"எனக்குத்தான் மூச்சு வாங்குது," என்பார் உள்ளேயிருந்து அண்ணி. "பொதரத் தொடச்சித் தொடச்சே என் இடுப்பு போச்சு."

காட்டுக்குக் கிளம்பும் முன் அண்ணன் செய்யும் விரதம் சபரிமலைக்காரர்களையே தோற்கடிக்கும். சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, திருநீறு கூடக் கிடையாது. மனித வாசனை அடித்தால் புலி ஓடிவிடுமாம். விரதம் முற்ற முற்ற அவரிடமிருந்து புலி மட்டுமல்ல, பூனை, பஜார் நாய், அண்ணி எல்லோருமே ஓடினார்கள். படுக்கை பால்கனிக்குப் போய்விடும்.

ராணுவப் பகுதி என்பதால் தெருவில் கேமராவை எடுக்க முடியாது. பயிற்சி முழுவதும் வீட்டுக்குள்தான். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் பதுங்கி, அண்ணி வரும்போது சத்தமில்லாமல் படம் எடுப்பார்.

"இன்னொரு தபா பின்னாடி வந்து நின்னியானா, ரசம் உன் தலை மேலதான்," என்றார் அண்ணி.

"அசையாத! இப்பதான் நல்ல வெளிச்சம்."

ரசம் தலைமேல் விழுந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னார்.

காட்டுக்கு அவர் கூட்டிப்போன துணைகள்தான் அவரைக் கவிழ்த்தார்கள். சாங்வியில் இருக்கும் மச்சான் ஜீப்பில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தச் சத்தத்தில் மான்கள் கூட மிச்சமில்லாமல் ஓடின. பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் போனில் மீட்டிங் பேசினான். புலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மேனேஜர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாராம்.

அந்த நேரத்தில்தான் கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை போய்விட்டது. நேராக இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிந்தது. போனது திரும்பாது, மிச்சத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் என் இட்லிக் கடைக்கு வந்து உட்கார்ந்தார். சாம்பாரைத் தொடவில்லை.

"கேமரா ஓட்டையில பாக்கற மாதிரியே ஒலகம் ஆயிப்போச்சிப்பா. எனக்கு வேற ஒண்ணியும் வேணாம். ஒரே ஒரு மூஞ்சி. முழுசா. அதுக்கப்பறம் கண்ணு போனா போவட்டும். நீ கூட வா."

"நானாண்ணா?"

"இத்தினி வருசமா உங்கிட்ட துன்றேன். 'சட்னியா, சாம்பாரா'ன்னு கேட்டதத் தவிர நீ வேற வார்த்த பேசி நான் கேட்டதில்ல. உன்ன மாதிரி ஆளுதான் காட்டுக்கு வோணும்."

எனக்கு அறிமுகமில்லாத மனிதர்களைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது ஒரு தகுதியாகும் என்று நான் நினைத்ததில்லை. போனேன். என் வேலை சுலபமானது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வலப்பக்கம் புலி தெரிந்தால் வலது தோளில் தட்ட வேண்டும், இடப்பக்கம் என்றால் இடது தோளில். பேசக் கூடாது. ரயிலில் போகும்போது இதற்கு ஒத்திகை பார்த்தோம். எருமை தெரிந்தபோதெல்லாம் தட்டினேன். எதிர் சீட்டு அம்மாள் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

காட்டில் பனி. முன்னால் போகும் ஜீப்பே தெரியாத பனி. ஒவ்வொரு நாளும் எதிரே வரும் ஜீப்காரர்கள் சிரித்த முகத்தோடு, "இப்போதுதான் பார்த்தோம், சாலையிலேயே படுத்திருந்தது," என்றார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது சாலை இருந்தது. ஒரு நாள் அது படுத்திருந்த இடத்து மண்ணில் அண்ணன் கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்ததாம். அன்று அவர் சாப்பிடவில்லை. கொண்டுபோன புளிக்காய்ச்சலை நான் ஒருவனே தின்று தீர்த்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வேலை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் காக்கி உடுப்புக் காவலர் 'ருக்கோ' என்று கையைக் காட்டுவார். உடனே நின்று இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். அவர் தோள், விலா, இடுப்பு என்று தட்டிச் சோதிப்பார். முன்பக்கம் முடிந்ததும் நாமாகத் திரும்பி முதுகைக் காட்ட வேண்டும். கட்கியில் பாதிப் பேருக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அண்ணனுக்கு எலும்பில். பாணேரில் ஒரு மாலின் வாசலில் காவலாளி சோம்பல் முறித்ததற்கே இவர் கையைத் தூக்கி நின்றார். பின்னால் வந்தவர்களும் ஏதோ சட்டம் என்று தூக்கினார்கள்.

கடைசி நாள் காலை பனி கொஞ்சம் விலகியது. குரங்குகள் மரத்தில் கத்தத் தொடங்கின. டிரைவர் வண்டியை அணைத்தார். வலப்பக்கப் புல்லில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. நான் அண்ணனின் வலது தோளில் தட்டினேன். அவர் எழுந்து நின்றார். கேமரா கண்ணுக்குப் போனது.

சரியாக அந்த நேரம் முன்னால் நின்ற ரோந்து ஜீப்பிலிருந்து காக்கி உடுப்புக் காவலர், யாரும் அசைய வேண்டாம் என்பதற்காக, எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ருக்கோ!"

அண்ணன் கேமராவை விட்டார். அது கழுத்து வாரில் தொங்கியது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

நான் பதறி மறுபடி தோளில் தட்டினேன். கைகளை இன்னும் உயர்த்தினார். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. விலாவில் தட்டினேன். இடுப்பில் தட்டினேன். சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று அவர் உடம்பு முடிவு செய்துவிட்டது. முன்பக்கம் முடிந்ததும் மரியாதையாகத் திரும்பி, புலிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றார்.

சுற்றிலும் மற்ற ஜீப்புகளில் கேமராக்கள் படபடவென்று அடித்தன. வழிகாட்டி, "சாஹப், பீச்சே! பீச்சே!" என்று, பின்னால் பார்க்கச் சொல்லி, அடித்தொண்டையில் அழுதார். அண்ணனுக்கு விளங்கியபோது அவர் முகம் என்ன ஆனது என்பதை என்னால் எழுத முடியாது. சுழன்று திரும்பினார். கேமராவைத் தூக்கினார். அழுத்தினார்.

அவர் எடுத்த புதர்களிலேயே அதுதான் மிகத் தெளிவானது.

திரும்பும் ரயில் மன்மாட் ஸ்டேஷனில் நின்றது. அங்கே டீ வாங்கிக் கொடுத்தேன். "நீயாவது பாத்தியாப்பா?" என்றார்.

"பாத்தேண்ணா."

"மூஞ்சி?"

"முழுசா."

அவர் டீயைக் குடித்தார்.

அந்தப் படத்தை அவர் சுவரில் மாட்டவில்லை. அடுத்த குளிர்காலம் வருவதற்குள் நடுப்பார்வையும் மங்கி, இப்போது வெளிச்சமும் இருட்டும்தான் தெரிகின்றன. காலையில் அண்ணி கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். இட்லி வைத்ததும் அண்ணன் கேட்பார்.

"சொல்லுப்பா. மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

"மூக்கு செவப்பாண்ணா. ரெண்டு கன்னத்துலயும் வெள்ள. மீசையில பனித்தண்ணி ஒட்டிகினு இருந்துச்சி."

"நேத்து பனித்தண்ணி சொல்லலியே?"

"இப்பதாண்ணா நெனப்பு வந்துச்சி."

"கண்ணு?"

"ஒங்களயேதாண்ணா பாத்துச்சி."

"முதுகத்தானே பாத்துச்சி," என்று சிரிப்பார். பிறகு இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இன்னம் சொல்லு," என்பார். சொல்கிறேன். வாடிக்கையாளர்கள் காத்திருந்தாலும் சொல்கிறேன். கன்னத்து வெள்ளையை எதிர்க் கடைப் பூனையிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். புல்லில் மஞ்சளாக ஒன்று அசைந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். அது வெளியே வந்து நின்ற நேரம் முழுக்க நான் அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.