இன்னும் தெளிவு வேண்டும்

‘ஐந்தாம் எண் வால்வை மூடும் முறை’ என்ற பக்கத்தை அகிலாண்டம் பதினோராவது முறையாகத் திருத்திச் சேமித்தாள். இரண்டு நிமிடம் கழித்து கருத்து எழுதுவதற்கென்று அதற்கு இருந்த பேச்சுப் பக்கத்தில் மேலாளர் சடையப்பனின் கருத்து ஒரு மஞ்சள் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது.

“இன்னும் தெளிவு வேண்டும். திருத்தி எழுதவும். - சடையப்பன்.”

முந்தைய பத்து முறையும் இதே இரண்டு வரிதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கடலூர் சிப்காட்டில் சாயப்பொருள் தயாரிக்கும் அந்தச் சிறிய ஆலைக்குப் போன வருஷம் ஒரு விக்கி வந்தது. ஆலை ஆட்கள் மட்டும் கணினியில் பார்க்கவும் திருத்தவும் கூடிய பக்கங்கள். வேலைமுறைகளையெல்லாம் அதில் தமிழில் எழுதும் பொறுப்பு அகிலாண்டத்துடையது. அவளே கேட்டு வாங்கிய பொறுப்பு. ஆங்கிலப் பலகையைப் படிக்கத் தெரியாமல் கிள்ளை ஊர்க்காரத் தொழிலாளி ஒருவர் தப்பான வால்வைத் திறந்து முழங்கை வரை சுட்டுக்கொண்டதை அவள் நேரில் பார்த்திருந்தாள். ஜூலை பதினைந்தாம் தேதி சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அதற்குள் மேலாளர் பக்கங்களை ஏற்காவிட்டால் தமிழே வேண்டாம், பழைய ஆங்கிலமே போதும் என்று முடிவாகிவிடும்.

அவள் எழுதி வைத்திருந்தது பதினான்கு பக்கம். ஏற்கப்பட்டது ஒன்றுமில்லை.

“வால்வ வலப்பக்கமாத் திருப்புன்னு எழுதியிருக்கேன். இதுக்கு மேல என்னா தெளிவு?” என்று கணினிப் பிரிவு அன்பரசுவிடம் கேட்டாள். “அந்தப் பெட்டியப் பாத்தாலே எனக்கு பிரஷர் ஏறுது. மதியம் சோறு எறங்க மாட்டேங்குது.”

அன்பரசு ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். பிறகு, “பாக்காம இருக்கலாம்க்கா” என்றான். “விக்கியில ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒரு ஸ்டைல் பக்கம் உண்டு. அதுல என்னா எழுதுறீங்களோ அப்பிடித்தான் ஒங்களுக்கு விக்கி தெரியும். மத்தவங்களுக்கு ஒண்ணும் மாறாது.”

ஒரே வரி எழுதிக் கொடுத்தான். சேமித்ததும் மஞ்சள் பெட்டிகள் அத்தனையும் மறைந்தன. அன்று அகிலாண்டம் டப்பாவைக் கழுவத் தேவையில்லாதபடி சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மேலாளர் அறையில் தட்டச்சு செய்யும் பொன்னி வந்தாள்.

“அக்கா, சுற்றறிக்கை பாத்தீங்களா? மேலாளர் கருத்து ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாளைக்குள்ள பதில் போடணுமாம். ஒங்க பேர்ல மட்டும் பதினாலு பக்கம் நிலுவை.”

கண்ணுக்குத் தெரியாத கருத்துக்கு எப்படிப் பதில் போடுவது? பெட்டி தெரிய வேண்டும், உள்ளே இருப்பது தெரியக்கூடாது. மறுபடியும் அன்பரசுவிடம் போனாள்.

“அதுக்கு ஸ்டைல் பத்தாதுக்கா, ஸ்கிரிப்ட் வேணும். ஒரு சொல்லு வந்தா அதுக்குப் பதிலா வேற சொல்லு காட்டச் சொல்லலாம். என்னா காட்டணும்?”

அகிலாண்டம் கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தோடு போன ஒரு சொல் ஞாபகம் வந்தது.

“‘இன்னும் தெளிவு வேண்டும்’னு வந்தா எடுத்துடு. ‘திருத்தி எழுதவும்’னு வந்தா ‘மிக நன்று’ன்னு போடு.”

மறுநாளிலிருந்து திரையில் சடையப்பன் வேறு மனிதராகிவிட்டார். “மிக நன்று. - சடையப்பன்.” பக்கம் பக்கமாக இதுதான். அகிலாண்டம் ஒவ்வொன்றின் கீழும் “நன்றி சார்” என்று பதில் போட்டாள். இரண்டு நிமிடத்தில் அதற்குக் கீழே இன்னொரு “மிக நன்று” வந்தது. கருத்து வந்தால் பதில் போட வேண்டும் என்பது விதி. “நன்றி சார்” என்றாள். “மிக நன்று” என்றார். ஐந்தாம் எண் வால்வுப் பக்கத்தில் மட்டும் ஒரு வாரத்தில் இது முப்பத்தொரு முறை நடந்தது.

இந்த மனுஷன் டீ குடிக்கக்கூட எழுந்து போவதில்லையா என்று அவளுக்கு ஒரு முறை தோன்றியது.

சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்புறம் இருந்த வீட்டில், கணவர் நடராஜிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“நீயே எழுதி வெச்ச பாராட்ட நீயே படிச்சி சந்தோஷப்படுறியா?”

“தட்டுல நாம வெச்ச தேங்காயத்தான திரும்ப வாங்கிட்டு வந்து பிரசாதம்னு கண்ணுல ஒத்திக்கறோம்?”



ஆய்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது, இரண்டாம் ஷிப்ட் மேற்பார்வையாளர் சுப்பிரமணியன் ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். வெப்பநிலை 80 என்பது 800 என்று எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘மிக நன்று’ என்று இருந்தது. கீழே 6 மணி என்பது 16 மணி என்று எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, ‘மிக நன்று.’ எண்பது மட்டும் எங்குமே எழுதப்படவில்லை.

“யார் இப்பிடி எழுதச் சொன்னது?” என்றாள் அகிலாண்டம்.

“நீங்கதாம்மா. விக்கியில போட்டிருக்கீங்க.”

விக்கியில் பதிவேடு எழுதும் முறைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘தவறு நேர்ந்தால் ஒரு கோடு அடித்துவிட்டுத் மிக நன்று.’

“அந்த ‘த்’ மட்டும் தப்புன்னு பட்டுச்சி. அத விட்டுட்டோம்” என்றார் சுப்பிரமணியன். “ஆனா, தப்புக்குப் பாராட்டுன்னு ஆனதும் பசங்க ஜாஸ்தி தப்பு போடுறானுங்க.”

“அது என் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் அப்பிடித் தெரியும்.”

“எங்க கம்ப்யூட்டர்லயும் தெரியுதே.”

அன்பரசு வந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“இந்தப் பக்கத்த நடுவுல திருத்தினீங்களா?”

“ஒரு கமா போட்டேன்.”

“திருத்தத் தொறக்குறப்ப எழுத்தெல்லாம் பெட்டிக்குள்ள வருதுல்ல, ஸ்கிரிப்ட் அங்கயும் பூந்து மாத்தியிருக்கு. நீங்க கமாவப் போட்டு சேமிச்சப்ப இதையும் சேத்து சேமிச்சிட்டீங்க. இப்ப இது எல்லாருக்கும் நெசம்.”

அகிலாண்டம் பதிவேட்டை மெதுவாக மூடினாள். நன்றி சொல்ல எத்தனை பேச்சுப் பக்கங்களைத் திறந்து சேமித்திருக்கிறாள் என்று கணக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்கிரிப்டை அழித்துவிட்டுப் பார்த்தாள். எல்லாப் பேச்சுப் பக்கத்திலும், சடையப்பனின் பெயருக்கு மேலே, ‘மிக நன்று’ என்பது அழியாமல் நின்றது. ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்து இன்னும் பதில் போடப்படாத கருத்து மட்டும் ‘திருத்தி எழுதவும்’ என்றிருந்தது. மேலாளர் பெயரில் பொய் எழுதியவள் என்று ஆகிவிட்டது. இதற்கு வேலையிலிருந்தே எடுத்துவிடலாம்.

பதிவேட்டு வாக்கியத்தை முதலில் சரிசெய்தாள். பிறகு, ஒளிப்பதைவிடச் சொல்லிவிடுவது மேல் என்று முடிவுசெய்து, சடையப்பனின் சொந்தப் பேச்சுப் பக்கத்துக்குப் போய் எழுதினாள்.

“ஐயா, தங்கள் கருத்துகள் மாறியதற்கு என் தவறே காரணம். மன்னிக்கவும்.”

இரண்டு நிமிடம். மஞ்சள் பெட்டி.

“இன்னும் தெளிவு வேண்டும். திருத்தி எழுதவும். - சடையப்பன்.”

நியாயம்தான் என்று பட்டது. ஸ்கிரிப்ட் என்றால் என்ன, அதை ஏன் போட்டாள், எப்படிப் பரவியது என்று ஒரு பத்தி எழுதினாள்.

“இன்னும் தெளிவு வேண்டும். திருத்தி எழுதவும்.”

தேதிவாரியாக எழுதினாள். அதற்கும் அதே பதில். கடைசியில் சோறு இறங்காதது, பிரஷர், கிள்ளைக்காரரின் முழங்கை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பக்கம் எழுதி, அழுதுகொண்டே சேமித்தாள்.

“இன்னும் தெளிவு வேண்டும். திருத்தி எழுதவும்.”

இனிமேல் எழுத அவளிடம் வாழ்க்கையில் ஒன்றும் மிச்சமில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் சீக்கிரமாகவே பஸ் ஏறினாள். புதுச்சத்திரம் தாண்டும்போது பொன்னியின் போன் வந்தது. ஆய்வுக்காரர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்து ஞானாம்பாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே சடையப்பன், மூலையில் அன்பரசு. சுவரில் ஐந்தாம் எண் வால்வின் பேச்சுப் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அகிலாண்டம் கதவருகே நின்றாள்.

“ஒன்பது ஆலை பாத்துட்டேன்” என்றார் ஞானாம்பாள். “எங்கயும் மேனேஜர் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. இங்க ஒரு ஊழியர் எழுதினா ரெண்டே நிமிஷத்துல பதில். அதுவும் பாராட்டு. முப்பது நாப்பது தடவ பாராட்டிட்டு, கடைசியா ஒரு தடவ திருத்தச் சொல்லியிருக்கீங்க. மனசும் நோகல, கண்டிப்பும் கொறையல. இதெல்லாம் நீங்களே எழுதினதா சார்?”

அகிலாண்டம் கண்ணை மூடிக்கொண்டாள்.

சடையப்பன் சுவரைப் பார்த்தார். ஒரு கணம் அன்பரசு நின்ற மூலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“என் கடமைதானே மேடம்.”

பதினான்கு பக்கமும் ஏற்கப்பட்டன. அடுத்த மாதத்திலிருந்து மற்ற ஒன்பது ஆலையிலும் அந்தத் தமிழ்ப் பக்கங்களே பலகையாகும் என்றார் ஞானாம்பாள். சடையப்பனுக்குச் சால்வை வரவழைக்கப்பட்டது.

அகிலாண்டம் வராந்தாவுக்கு வந்தாள். பின்னாலேயே அன்பரசு வந்தான்.

“நாலு தடவ மன்னிப்பு எழுதினேன் அன்பரசு. நாலையும் படிச்சிட்டு, அத்தன பேர் முன்னாடி என்னக் காட்டிக் குடுக்கல அவுரு. நான்தான் அந்த மனுஷனத் தப்பா நெனச்சிட்டேன். இப்பவே ரூமுக்குப் போய் கால்ல விழுந்துட்டு வரேன்.”

“போவாதீங்கக்கா.”

“ஏன்?”

அன்பரசு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அவுரு விக்கிய இன்னி வரைக்கும் படிச்சதே இல்ல. நீங்க எத சேமிச்சாலும் ரெண்டு நிமிஷத்துல அந்தக் கருத்து தானாப் போய் ஒக்கார்ற மாதிரி, போன வருஷமே அவுருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தது நான்தான்.”