அரிசி மூட்டைக்கு அஞ்சடிக் கடைக்கால்

தம்பிதுரை ஒரு முடிவுக்கு வந்தார். அறுபத்து நான்கு வயதில் அவர் தாமாக எடுத்த முதல் முடிவு அது. அதுவரைக்கும் எடுக்க வேண்டியிருந்த முடிவுகளை எல்லாம் மில்லில் மேனேஜரும் வீட்டில் ராசாத்தாளும் எடுத்துவிட்டார்கள்.

முடிவு இதுதான். துடியலூரில் தம் வீட்டுக்குப் பின்னால், தென்னைமரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில், பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை கட்டுவது. அதில் ஒரு நாற்காலி போடுவது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, காதில் ஒரு சத்தமும் விழாமல் படிப்பது.

சத்தம் என்றால் கிரைண்டர் சத்தம். ராசாத்தாள் இருபத்திரண்டு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கூடத்தின் நடுவில் பத்து லிட்டர் கிரைண்டர். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பகல் ஒன்று வரை ஓடும். அது ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் ஊர்வலம் போகும். டிவியில் செய்தி வாசிப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள தம்பிதுரை பழகியிருந்தார். போன தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பதை அவர் தப்பாகத் தெரிந்துகொண்டு நான்கு நாள் இருந்தார்.

ராசாத்தாளுக்கும் ஓர் ஆசை உண்டு. அது நாற்பது லிட்டர் கிரைண்டர். கல்லை அசைக்க வேண்டாம், பாத்திரத்தையே சாய்த்து மாவைக் கொட்டிக்கொள்ளலாம். தெருவுக்கே மாவு கொடுக்கலாம். "கூடத்துத் தரை தாங்காது" என்று தம்பிதுரை மூன்று வருடமாகச் சொல்லி வந்தார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் சொல் எடுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"எனக்கு அமைதி வேண்டும், அறை கட்டப்போகிறேன்" என்று மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சம். ஆகவே ஒரு திட்டம் போட்டார்.

"ராசாத்தா, பின்னால ஒரு ரூம்பு போடலாம்னு இருக்கறேன்."

"எதுக்குங்க?"

"உனக்காகத்தான். அரிசி மூட்டை, உளுந்து மூட்டை எல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்குதில்ல. அங்க அடுக்கிக்கலாம்."

ராசாத்தாள் கிரைண்டரை நிறுத்தினாள். அவர் பேச்சைக் கேட்பதற்காக அது நின்றது அன்றுதான்.

"எனக்கோசரமாங்க?"

"ஆமா."

"அப்ப நல்லாப் பலமாக் கட்டிப்போடலாமுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிரைண்டரைப் போட்டாள்.

தம்பிதுரை மனத்துக்குள் சிரித்துக்கொண்டார். கண்துடைப்புக்கு மூலையில் இரண்டு மூட்டை. மீதி இடமெல்லாம் நாற்காலிக்கு.

காரமடையிலிருந்து மேஸ்திரி பொங்கியண்ணன் வந்தார். தம்பிதுரை தம் கணக்கைச் சொன்னார். அஸ்திவாரத்துக்கு ஒன்றரை அடி வானம் தோண்டி, கருங்கல் வைத்து, மேலே செங்கல்லை அடுக்கிவிட்டால் போதும். பொங்கியண்ணன் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ராசாத்தாள் காப்பியோடு வந்தாள்.

"அண்ணா, இருபத்தஞ்சு கிலோ மூட்டை அறுபது அடுக்குனா எத்தன பாரமுங்க?"

பொங்கியண்ணன் விரலை மடக்குவதற்குள் தம்பிதுரை முந்திக்கொண்டார். கணக்கு என்று வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. மில்லை மூடும் வரை அதில் முப்பத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பர்.

"ஆயிரத்து ஐந்நூறு கிலோ."

"கேட்டுக்குங்க. ஒன்றரை டன்னு. இந்த மண்ணோ கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். ஒன்றரை அடியில கல்லு வெச்சா ரெண்டாம் வருசமே செவுரு வாயப் பொளந்துக்காதுங்களா?"

"அம்மணி சொல்றது நாயமுங்க" என்றார் பொங்கியண்ணன். "நாலு மூலைக்கும் பில்லர் குழி எடுத்து, கெட்டித்தரை வரைக்கும் போயிரலாமுங்க. அஞ்சடி ஆகும்."

ஒரு நாற்காலிக்கு எதற்கு அஞ்சடிக் கடைக்கால் என்று கேட்க தம்பிதுரைக்கு வாய் வரை வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கினார்.

சுண்ணாம்பில் கோடு போட்ட அன்று மேஸ்திரியைத் தென்னைமரத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய் மெதுவாகச் சொன்னார். "மேற்கால ஒரு ஜன்னல் வேணும். ஆளு உக்காந்தா மொகத்துக்கு நேரா வரோணும்."

பின்னால் ராசாத்தாள் நின்றிருந்தாள். "அரிசிக்கு எதுக்குங்க ஜன்னலு?"

"காத்தாட."

"ஓ" என்றாள்.

குழி எடுத்தார்கள். நாலுக்கு நாலு அகலம், அஞ்சடி ஆழம். தம்பிதுரை டேப்பும் நோட்டும் கையுமாக நின்றார். மூன்றாவது குழி நான்கு விரற்கடை குறைந்தது.

"பரவால்லீங்க, கடப்பாரை போட்டா ணங்குனு கேக்குது பாருங்க. கெட்டித்தரை வந்திருச்சு" என்றார் பொங்கியண்ணன்.

"ணங்குனு கேக்கட்டும். டேப்புல அஞ்சடி வல்லியே."

தோண்டினார்கள். அடியில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி போட்டுக் கான்கிரீட்டைப் பரப்பி, அது இறுகியதும் கம்பி வலையை இறக்கினார்கள். அரை அடிக்கு ஒரு கம்பி. குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டு. ஒரு வலைக்கு அறுபத்து நான்கு கட்டு வரவேண்டும். தம்பிதுரை குழிக்குள் குனிந்து எண்ணினார். இரண்டாவது குழியில் அறுபத்தொன்றுதான் இருந்தது. விட்டுப்போன மூன்று இடத்தையும் சாக்பீஸில் குறித்துக் காட்டினார். பொங்கியண்ணன் கட்டுக்கம்பியை எடுத்தார். தாஜ்மகாலைக் கட்டியபோதுகூட யாரும் கட்டு எண்ணியிருக்க மாட்டார்கள் என்று அவர் முகம் சொன்னது.

ராசாத்தாள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, கம்பிக்கு அடியில கவர் கட்டை வெக்கலீங்களா? கம்பி தரையத் தொட்டுட்டு இருந்தா ஈரம் ஏறித் துருப்புடிச்சுக்குமுங்களே."

"வெச்சறலாமுங்க அம்மணி. அதெல்லாம் எங்கீங்க படிச்சீங்க?"

"நம்ம சண்முகப்பிரியா சொல்லுச்சுங்க. பக்கத்து வீதி. இஞ்சினியருக்குப் படிச்ச புள்ள, தெனமும் ரெண்டு பாக்கெட்டு மாவு வாங்கும்."

தம்பிதுரைக்குப் பெருமையாக இருந்தது. எட்டாவதோடு நின்றவள் மேஸ்திரியையே மடக்குகிறாள். அரிசி மூட்டைக்கு இவ்வளவு அக்கறை படுகிறாளே, பாவம் என்று ஒரு குற்ற உணர்ச்சியும் வந்தது. அதைத் தள்ளி வைத்தார்.

கான்கிரீட் போடும் நாள் வந்தது. மிக்சர் வண்டி உருண்டது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. தம்பிதுரை பெட்டியில் அளந்து எண்ணி, எண்ணியதை எழுதி, எழுதியதை மறுபடி எண்ணினார். முதல் கலவை சட்டியில் வந்தது. ராசாத்தாள் மேஸ்திரியின் கரண்டியை வாங்கி அதில் ஒரு குத்துக் குத்தி எடுத்தாள். கரண்டியிலிருந்து வழிந்து ஓடியது.

"என்னங்கண்ணா, தோசைக்குக் கரைச்சாப்பல இருக்குது."

"தண்ணி எச்சா இருந்தாத்தானுங்க கம்பிச் சந்துல வெசையா எறங்கும்."

"எறங்கும். பொறவு தண்ணி காஞ்சு அந்த எடமெல்லாம் ஓட்டையாவுமுங்க. எங்க மாவுல ஒரு சொம்புத் தண்ணி எச்சானா இட்லி தட்டையாப் போயிருதுங்களே. இதுல ஆனா ரூம்பே தட்டையாப் போயிரும்."

"அம்மணி, நான் முப்பது வருசமாக் கலவை போடறேனுங்க."

"நானும் இருபத்திரண்டு வருசமாப் போடறேனுங்க."

பொங்கியண்ணன் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மிக்சர்க்காரரிடம் தண்ணீரை அரை வாளி குறைக்கச் சொன்னார். அடுத்த கலவை கரண்டியில் நின்றது. வைப்ரேட்டரை விட்டதும் மூலை முடுக்கெல்லாம் நிரம்பி மேலே பளபளத்தது. "பதமுன்னா இதுதானுங்க" என்று அவரே ஒத்துக்கொண்டார். அதற்குப்பின் ஒவ்வொரு கலவையையும் குழியில் கொட்டும் முன் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்.

பில்லர் எழும்பியது. குழிகளை மண்போட்டு மூடி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். நான்கு பில்லரையும் சுற்றிக் கட்டிப்போட்டாற்போல் பெல்ட் கான்கிரீட் ஓடியது. உள்ளே மண் நிரப்பித் தரை போடுகிற சமயத்தில் ராசாத்தாள் சொன்னாள்.

"ஏனுங்க, உடுமலைப்பேட்டையில எங்க பெரியம்மா பேத்திக்குச் சீரு. நீங்க போய்ட்டு வந்துருங்க. எனக்கு மாவு இருக்குது."

போனார். பொழுதோடு திரும்பி வந்து பார்த்தால் தரை முடிந்திருந்தது. நடுவில் மட்டும் நாலுக்கு நாலில் தனியாக ஒரு கான்கிரீட் மேடை, ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து விட்டு மணல் நிரப்பியிருந்தார்கள். மேடையில் நான்கு பைப்புத் துண்டுகள் புதைந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"இதென்ன மேஸ்திரி?"

பொங்கியண்ணன் தென்னைமரத்தில் எத்தனை காய் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ராசாத்தாள்தான் பதில் சொன்னாள்.

"மூட்டை அடுக்கற மேடைங்க. தரை ஈரம் ஏறாது. ரெண்டடி ஆழம் போட்டிருக்குது."

"இந்த நாலு பைப்பு?"

"காத்தாடங்க."

"சுத்தி எதுக்கு மணலு?"

"எறும்பு வராதுங்க."

காற்றைப் பற்றி மேற்கொண்டு கேட்கும் நிலையில் தம்பிதுரை இல்லை. டேப்பை எடுத்துப் பைப்புகளுக்கு நடுவில் அளந்தார். நான்கு பக்கமும் இருபத்திரண்டு அங்குலம். மூலைக்கு மூலை பிடித்தார். நூல் பிசகில்லை. இவ்வளவு சுத்தமான வேலையைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. "4 பைப்பு, சரி" என்று நோட்டில் எழுதினார்.

கான்கிரீட் காயாமல் தண்ணீர் காட்டும் பொறுப்பு அவருக்கு. ஈரச்சாக்கு விரித்து, நாளுக்கு மூன்று தடவை, இருபத்தெட்டு நாள். எண்பத்து நான்கு தடவையும் ஒன்று குறையாமல் ஊற்றினார். சாயங்காலங்களில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து அந்த மேடையின் மேல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான்கு பைப்புக்கு நடுவில் நாற்காலி கச்சிதமாக நின்றது. ராஜா மாதிரி இருந்தது. சுவர் வந்துவிட்டால் போதும்.

இருபத்தொன்பதாம் நாள் காலை டெம்போ வந்தது. ஆறு பேர் சேர்ந்து ஒன்றை இறக்கினார்கள். மேலே பாலித்தீன் உறை. உறையின் மேல் ராசாத்தாள் பொட்டு வைத்தாள். உள்ளே நாற்பது லிட்டர் கிரைண்டர்.

அதன் நான்கு கால் போல்ட்டும் நான்கு பைப்பில் சரசரவென்று இறங்கின. கம்பெனி ஆள் மட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் நின்றது.

"எத்தனையோ எடத்துல மெஷினு மாட்டியிருக்கறேனுங்க. இப்படி ஒரு பவுண்டேசனப் பாத்ததில்ல. சுத்தி மணலு விட்டிருக்கறாங்க பாருங்க, அதிர்ச்சி ஒரு துளி செவுத்துக்குப் போவாது. யாருங்க பக்கத்துல நின்னு வேல வாங்குனது?"

"நாந்தானுங்க" என்றார் தம்பிதுரை. சொல்லி முடித்த பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று புரிந்தது.

ஆட்கள் போனபின் குரலைத் திரட்டிக்கொண்டார். "ராசாத்தா, இது மூட்டை ரூம்பு."

"ஆமாங்க. எனக்கோசரம்னுதானே கட்டுனீங்க."

"பெரிய கிரைண்டரு வேண்டாம்னு மூணு வருசமாச் சொல்றனே."

"கூடத்துத் தரை தாங்காதுன்னுதானுங்க சொன்னீங்க. இது தாங்குமுங்க. கம்பி பூரா நீங்கதானே எண்ணுனீங்க."

"அப்ப உனக்கு எல்லாந் தெரியுமா?"

"அரிசி ஜன்னல் வழியா என்னத்தங்க பாக்கப் போவுது?"

அவர் தலை குனிந்து நின்றார். ராசாத்தாளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, உங்களுக்கு வேணுங்கறது சத்தமில்லாத ஒரு எடம். அவ்வளவுதானுங்களே? சத்தத்த இங்க கொண்டாந்துபோட்டேன். செவுரு வந்துட்டா பழைய கிரைண்டரயும் தூக்கியாந்தறேன். இனி கூடம் பூராவும் உங்களுக்குத்தானுங்க."

தம்பிதுரை அவளையே பார்த்தார். மூன்று வருடமாக அவரும் அவளும் முட்டிக்கொண்ட விஷயம். ஒரே கடைக்காலில் இரண்டு பேர் ஆசையையும் நிறுத்திவிட்டாள். மில்லில் இவளைப் போட்டிருந்தால் மில் மூடியிருக்காது என்று தோன்றியது.

ஒன்றரை மாதத்தில் சுவர் எழுந்து கூரையும் வந்தது. கிரைண்டர் ஓடத் தொடங்கிய முதல் நாள், தம்பிதுரை ஒரு டம்ளரில் வழிய வழியத் தண்ணீர் எடுத்துப் புது அறையின் ஜன்னல் திட்டில் வைத்தார். உள்ளே நாற்பது லிட்டர் சுற்றியது. தண்ணீரில் ஒரு சுருக்கமும் விழவில்லை. இருநூற்று ஐம்பத்தாறு கட்டும் வீண்போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

கூடத்தில் நாற்காலி. மடியில் செய்தித்தாள். கதவைச் சாத்தினார். சத்தம் இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தத்தை அவர் முதல்முறையாகக் கேட்டார். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.

காலிங் பெல் அடித்தது. எதிர்வீட்டு வெங்கடம்மாள்.

"அண்ணா, ரெண்டு பாக்கெட்டு மாவுங்க. ஒண்ணு புளிச்சது, ஒண்ணு புளிக்காதது."

எது எங்கே என்று பின்னால் இருந்த ராசாத்தாளுக்குப் போன் போட்டுக் கேட்டார். "ஏனுங்க, ஃப்ரிட்ஜுல மேல்தட்டுப் புளிச்சது, கீழ்த்தட்டுப் புளிக்காதது. எங் கையெல்லாம் மாவு. நீங்களே எடுத்துக் குடுத்துபோடுங்க."

கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். விரலை முதல் வரியில் வைத்தார். பெல் அடித்தது.

பகல் ஒரு மணிக்குள் நாற்பத்தேழு தடவை அடித்தது. கூடத்தில் கிரைண்டர் ஓடிய இருபத்திரண்டு வருடமும் அந்த பெல் அவர் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.