சிம்ப்ளி என்று சொல்லிக் கெட்டேன்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
14 ஆகஸ்ட் 2001

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மச்சான் ஃபிராங்க்ளின் அவர்களுக்கு, தியோடர் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இவ்விடம் உங்கள் தங்கை ஜோசஃபின் நலம், ரொம்பவே நலம். உயிரோடு செத்தவன் நான் ஒருவன்தான். கோலார் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் நடத்திய தங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்லி அழுவேன்?

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகள் ஆஞ்சலாவுக்கு டிசம்பரில் தலைப்பிரசவம் என்பது தாங்கள் அறிந்ததே. நாங்கள் இருவரும் அமெரிக்கா செல்ல விசா கேட்டுப் போன வியாழன் சென்னை சென்றோம். கிளம்பும்போதே பக்கத்து வீட்டு ஃபாத்திமாம்மா, "பேரப்பிள்ளையப் பாத்துக்கப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே, ஆயா வேலைக்குன்னு நெனச்சுத் திருப்பி அனுப்பிடுவான்" என்று பயமுறுத்தி அனுப்பினார். தூதரக ஜன்னலில் இருந்த வெள்ளைக்காரர் ஏன் போகிறீர்கள் என்றார். பேரப்பிள்ளைன்னு சொல்லக் கூடாதே! சும்மாத்தான்னு சொல்ல நெனச்சு "சிம்ப்ளி"ன்னுட்டேன். "சிம்ப்ளி வாட்?"ங்கிறான். "சிம்ப்ளி ஒன்லி, சார்." இங்க என்ன பண்றீங்கன்னான். "ரிட்டயர்ட் சார், சிம்ப்ளி சிட்டிங்." அங்க ஆறு மாசம் என்ன பண்ணுவீங்க? "அங்கயும் சிம்ப்ளி சிட்டிங்." பாஸ்போர்ட்டைத் தள்ளி விட்டுட்டான் மச்சான்! உங்க தங்கச்சி, இங்கிலீஷ் தப்புக்காக என்கிட்ட காலம்பூரா திட்டு வாங்கினவ, "டாட்டர், பேபி, ஐ குக், ஐ கம் பேக்"னா. அவளுக்குக் குடுத்துட்டான்! ஜோலார்பேட்டை வரைக்கும் எனக்கு ஆறுதல் வேற சொல்லிட்டு வந்தா, அதத்தான் தாங்க முடியல.

வந்ததும் டிக்ஷனரியைப் பிரிச்சேன். சிம்ப்ளின்னா எளிமையாவாம், வெறுமனேவாம். லத்தீன்ல 'ஒரே மடிப்பு'ங்கிறதுல இருந்து வந்ததாம். நம்ம சும்மாவுக்கு எத்தனை மடிப்பு! வேலையில்லாம, காரணமில்லாம, ஓசியா, வெளையாட்டுக்கு, 'வாய மூடு' எல்லாமே அதுதானே? ஆபீஸ்ல கன்னடக்காரங்களும் 'சும்னே'வுக்கு இதே சிம்ப்ளியைத்தான் போட்டாங்க, ஒருத்தனும் தப்புன்னு சொன்னதில்ல. நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப பேரப்பிள்ளை மொகத்தைப் பாக்க முடியாமப் போகுதே!

ஆகவே மறுபடி விசா கேட்கப் போகுமுன், சும்மாவுக்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைத் தபாலில் அனுப்பவும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். தேவன் தங்கள் வீட்டாரைக் கிருபையால் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
தியோடர்

பின்குறிப்பு: வார்த்தை தேட வேண்டாம். கவரை ஒட்டும்போது ஆஞ்சலா போன் செய்தாள். அடுத்த வாரம் அவளும் மாப்பிள்ளையும் சாமான் சட்டியோட இங்கேயே வந்துடுறாங்களாம், பிரசவமும் இங்கதானாம். சந்தோஷத்துல கத்திட்டேன் மச்சான். "ஏம்மா திடீர்னு?"ன்னேன். "சும்மாத்தான் டாடி"ன்னா. அப்புறம் போனை வாங்கின ஜோசஃபின்கிட்ட மாப்பிள்ளையே சொன்னாராம், அவரோட கம்பெனியை மூடிட்டாங்களாம். அதை என்கிட்ட சொல்லிட்டு ஜோசஃபின் போனைத் திருப்பிக் குடுத்தா. அந்தப் பக்கம் ஆஞ்சலா, "டாடி, லைன்ல இருக்கீங்களா?"ன்னா. வாம்மான்னு மட்டும் சொன்னேன்.