தராசும் இரண்டு கணக்கு மெஷின்களும்

ஒரு பொருளை மட்டும் தனியாகப் பார்த்து அது நல்லது என்று ஒப்புக்கொள்ளத் தெரியாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் எஸ்டேட்டில் இருந்தார். கடவுளே நேரில் வந்து நின்றாலும், "இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்க, பக்கத்துல நிறுத்திப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

எழுபதுகளில், வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலைக் காட்டுக்குள் இருந்த எங்கள் ஃபாக்டரியில் அவர் டீமேக்கர், தேயிலையைச் சுவை பார்த்துத் தரம் சொல்கிறவர். சொந்த ஊர் வேலந்தாவளம். அவருடைய அப்பா அங்கே சந்தையில் மாட்டுத் தரகர். அவருக்கு ஏதோ பேர் இருந்தது, யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தராசு.

நான் அவருக்குக் கோப்பை வைக்கிறவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆளைப் பார்த்துப் பேச வராது. கோப்பைகளோடு இருக்கிற வேலை என்றதும் சந்தோஷமாக வந்துவிட்டேன். அன்றன்றைக்கு ஆன தேயிலையைப் போட்டு, வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றி வைக்க வேண்டும். ஓரத்தில், ஒப்பிடுவதற்காகப் போன வாரத்துச் சரக்கு ஒரு கோப்பை. அதற்கு ஸ்டாண்டர்ட் கப் என்று பேர். எது எந்தச் சரக்கு என்று தராசிடம் சொல்லக்கூடாது. அவர் கரண்டியால் எடுத்து, பக்கத்து லயத்து வீடுகளுக்குக் கேட்கும்படி உறிஞ்சி, வாயில் உருட்டி, தொட்டியில் துப்புவார். நல்ல கோப்பை வந்தால் அவர் கை இடது காது மடலைத் தேடிப் போய்ச் சொறியும். அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

சரியில்லாத கோப்பைக்கு ஒரே சொல்தான். "நிக்காதுங்க." இன்றைக்கு மணக்கும், ஏலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மங்கிவிடும் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்துவிட்டால் மானேஜர் தொரை மறுபேச்சுப் பேசமாட்டார். மூட்டை மூட்டையாகச் சரக்கை ஓரம் கட்டிவிடுவார்.

ஆனால் தேயிலைக்கு நடுவில் வாழ்ந்த அந்த மனிதர் ஒரு வாய்த் தேத்தண்ணீர் விழுங்கி யாரும் பார்த்ததில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வெந்நீர்தான். காரணம் கேட்டால், "முழுங்கினா நாக்கு பாசம் வச்சுக்குமுங்க. அப்புறம் ஞாயம் சொல்லாது" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய இரண்டு கால்களிலும் காலுக்கொன்றாக அட்டை ஏறிவிட்டது. நான் உப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையால் தடுத்துவிட்டார்.

"தள்ளி நில்லுங் தம்பி. எது சீக்கிரம் ரொம்புதுன்னு பாக்கோணும்."

இரண்டும் குடித்துக் கொழுத்து, தாமாகவே கழன்று விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் அட்டை ஜெயித்தது. எனக்குத் தலை சுற்றி, உப்பு டப்பாவோடு உட்கார்ந்துவிட்டேன்.

பல் சமாசாரம் அதைவிட மோசம். வலித்த பல்லை வண்டிப்பெரியார் டாக்டரிடம் பிடுங்கிக்கொண்டார். அத்தோடு விட்டாரா? குமுளியில் இன்னொரு பல் டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போய், பக்கத்தில் இருந்த நல்ல பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதைக் கேட்டு என் மனைவி செல்வி அரண்டுபோனாள்.

"கூறு இருக்கா அண்ணாச்சி உங்களுக்கு? நல்ல பல்லையா போய்ப் புடுங்குவாக?"

"அப்புறம் எப்படிங் அம்மிணி ஒப்பிடறது?"

"அப்ப ரெண்டு பொண்டாட்டியும் கட்டிப் பாத்திருப்பியளே."

தராசு கன்னத்துப் பஞ்சை நாக்கால் ஒதுக்கினார். "ஒண்ணே வேண்டாம்னு போயிருச்சுங்க" என்றார். செல்வி எழுந்து போய் அவருக்கு வெந்நீர் கொண்டுவந்தாள்.

செல்வி பத்தாவது வரை படித்தவள். எஸ்டேட் ஆபீசில் அவளுக்கு டெம்பரரியாக ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆளாளுக்கு எடுத்த கொழுந்தின் எடையைத் தினமும் கூட்டிப் போட வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு முதன்முதலாக நாற்காலியில் சாய்ந்தது. அந்த நாற்காலியை அவள் தினமும் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்போதுதான் தொரை ஒரு சேதி சொன்னார். ஆபீசுக்குக் கணக்கு மெஷின் வரப்போகிறது. வந்துவிட்டால் டெம்பரரி ஆள் தேவைப்படாது. இரண்டு கம்பெனிக்காரர்கள் மெஷினைக் கொண்டுவந்து காட்டுவார்கள். வேகத்தையும் விலையையும் ஒப்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

"யார் ஒப்பிடுறது?" என்று தலைமைக் கிளார்க் கேட்டார்.

"வேற யாரு, தராசுதான். யாருக்கும் சாயாத ஆளு."

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. "அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கட்டா?" என்றாள் செல்வி.

"சொன்னா, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு டெம்பரரியக் கூட்டிட்டு வரச் சொல்வாரு" என்றேன்.

மெஷின்கள் வந்த அன்று தராசு ஆபீசுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். டேஸ்டிங் ரூமில்தான் பரீட்சை. கோப்பை வைக்கிற மேஜையில் இரண்டு மெஷின்களையும் வைத்து, மேலே துணி போட்டு மூடச் சொன்னார். எது எவருடையது என்று அவருக்குத் தெரியக்கூடாதாம். அதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மதுரைக்காரர் கொண்டுவந்தது கைப்பிடி சுற்றுகிற இரும்பு மெஷின். சுற்றினால் மாவு மில்லே உள்ளே வந்துவிட்டது போலச் சத்தம். கோட்டயத்துக்காரர் கொண்டுவந்தது கரண்ட் மெஷின். பொத்தானை அழுத்தினால் பச்சை எழுத்தில் எண் எரியும். இடியோசை வரும் மெஷினையும் மூச்சே விடாத மெஷினையும் துணி போட்டு மூடி என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. தொரை கூடக் கேட்கவில்லை.

"ஸ்டாண்டர்ட் கப் எங்கீங்க?" என்றார் தராசு, சுவரைப் பார்த்தபடியே.

"மெஷினுக்கு என்ன ஸ்டாண்டர்ட் கப்?" என்றார் தொரை.

"இப்ப இருக்கற சரக்கு பக்கத்துல இல்லாம எப்படிங்க புதுச் சரக்கைப் பாக்கறது? அந்த அம்மிணியைக் கூப்புடுங்க."

அத்தனை பேருக்கு முன்னால் என் மனைவியை மூன்றாவது கோப்பையாக வைக்கிறார். செல்வி பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள். மூவருக்கும் ஒரே கணக்கு.

நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் கோட்டயத்துக்காரர், "கழிஞ்ஞு சாரே" என்று முடித்துவிட்டார். மதுரைக்காரர் பாதிச் சுற்றில் இருந்தார். அவரும் முடித்துவிட்டுத் தோளைப் பிசைந்துகொண்ட பிறகும் செல்வியின் பென்சில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள் சொன்ன விடை தப்பு. பயத்தில் ஒரு வரியைக் கூட்டாமல் விட்டிருக்கிறாள். அவள் தலையைத் தூக்கவில்லை. என் கையிலிருந்து ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

அதைவிட எனக்குத் திக்கென்றது வேறு. கரண்ட் மெஷின் முடித்த அந்த நொடியில், சுவரைப் பார்த்து நின்ற தராசின் கை இடது காதைச் சொறிந்ததை நான் பார்த்துவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்து விலை. தராசு திரும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வேலந்தாவளம் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்களாம். துண்டுக்குள் கை கோத்து விரலால் பேசுவார்களாம். கோட்டயத்துக்காரரின் கையைப் பிடித்துத் துண்டுக்குள் போட்டதும் அந்த மனிதர் வெளிறிப்போனார்.

"சாரே, இதெந்தா இது? கை விடு சாரே."

மதுரைக்காரர் கூச்சம் தாங்காமல் சிரித்து நெளிந்தார். "அண்ணே, விலைதான் பேப்பர்ல எழுதியிருக்கே, அண்ணே."

பேரம் முடிந்ததும் தொரை ஆவலாக, "எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்றார்.

"துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொல்லக்கூடாதுங்க."

"யோவ், பணம் குடுக்கப்போறது நான்தானய்யா."

கடைசியில் தராசு தொரையின் கையையும் துண்டுக்குள் வாங்கி விரலால்தான் விலையைச் சொன்னார். கரண்ட் மெஷின் இரும்பைப் போல மூன்று பங்கு விலை என்று தொரையின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டோம். இருந்தாலும் அவர் கண் பச்சை எழுத்தின் மேலேயே இருந்தது.

"விலை கிடக்கட்டும். வேகம் அப்படி இருக்கே. பச்சையையே எடுத்திடலாமா?"

தராசு கரண்ட் மெஷினின் பக்கத்தில் போய் நின்றார். அதைக் குனிந்து முகர்ந்தார். சத்தியமாக முகர்ந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நிக்காதுங்க."

கோட்டயத்துக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தா? எந்தா பறஞ்சது?" என்று என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் தேயிலையோடு கிடந்த தொரைக்கு அந்தச் சொல்லை மீறத் தெரியாது. மங்கிப்போகும் சரக்கைப் பார்ப்பது போலப் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு, மதுரைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்த இரும்பு?"

"நிக்குமுங்க. ஆனா சுத்தறதுக்கு ஒரு ஆள் வேணும். பழகின கை வேணும். அந்த மூணாவது கோப்பையே இருக்கட்டுமுங்க."

எல்லோரும் கலைந்து போன பிறகு நான் உடைந்த கோப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தராசு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கை மறுபடியும் இடது காதுக்குப் போய்ப் பாதியில் நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல எனக்கு வராது. ஒரு கோப்பை தேத்தண்ணீர் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். துப்புகிற தொட்டியையும் வழக்கம்போல இழுத்து வைத்தேன். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டார். கோப்பையை எடுத்து, சத்தமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இன்னிக்கு நாக்குக்கு லீவுங் தம்பி."

செல்வி அந்தக் கைப்பிடியைப் பல வருஷம் சுற்றினாள். பிறகு சட்டைப் பைக்குள் அடங்குகிற கணக்கு மெஷின் வண்டிப்பெரியார் கடைத்தெருவில் தொங்கியது; அதற்குள் அவள் வேலை நிரந்தரமாகியிருந்தது. தராசு ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது நானும் கடைக்குப் போனால் இரண்டு சாமானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் இன்னொருவரை நான் தேடியதே இல்லை.